எட்டு நூல் ஓர் அங்குலம்

ஓர் அடிக்கு 12 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். தமிழ்நாட்டு மரவேலைப் பட்டறைகளில் பின்னக் கணக்கு இந்த இரண்டு வரிகளில்தான் தொடங்குகிறது. பள்ளிப் புத்தகம் எட்டில் ஒன்று என்று எழுதுவதைப் பட்டறை ‘ஒரு நூல்’ என்கிறது. கால் அங்குலம் இரண்டு நூல், அரை அங்குலம் நாலு நூல், முக்கால் ஆறு நூல். மில்லிமீட்டரில் சொன்னால் ஒரு நூல் 3.175. டேப்பின் அங்குலப் பக்கத்தில் நூல் கோடுகளுக்கு நடுவே இன்னும் குட்டையாக ஒரு கோடு இருக்கும். அது அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒன்று. கதவும் அலமாரியும் செய்கிறவர்கள் அதற்குக் கீழே போவது அரிது. கூர் மழுங்கிய பென்சில் போடும் கோடே கால் நூல் தடிப்பு வந்துவிடும்.

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். மீச்சிறு பொது மடங்கு காணத் தெரிந்தவர்கள்தான். ஆனால் மூன்றே முக்காலையும் இரண்டே அரைக்காலையும் கூட்டச் சொன்னால் திகைத்து நிற்பார்கள். அதே கணக்கை “மூணு இஞ்சு ஆறு நூல், ரெண்டு இஞ்சு ஒரு நூல், மொத்தம் எவ்வளவு தம்பி?” என்று கேட்டால், “அஞ்சு இஞ்சு ஏழு நூல்ண்ணே” என்று உடனே பதில் வரும். கணக்கு மாறவில்லை, அளவின் பெயர்தான் மாறியது. பின்னங்களைக் கூட்டுவதன் சூட்சுமம் முழுவதும் இந்தப் பெயர் மாற்றத்தில் இருக்கிறது.

பின்னத்தின் மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருப்பது பகுதி. இரண்டும் எண்களாக எழுதப்பட்டாலும் அவை செய்யும் வேலை வேறு. தொகுதி ‘எத்தனை’ என்று சொல்கிறது. பகுதி ‘எது’ என்று சொல்கிறது. எட்டில் மூன்று என்றால் மூன்று நூல். அதில் மூன்று என்பது எண்ணிக்கை, எட்டு என்பது அந்தத் துண்டின் பெயர். மூன்று நூலும் இரண்டு நூலும் ஐந்து நூல். எண்ணிக்கைகள் கூடின, பெயர் அப்படியே நின்றது. ஒரே பகுதி உள்ள பின்னங்களைத் தமிழ்ப் பாடநூல் ஓரினப் பின்னங்கள் என்று அழைக்கிறது. மிகப் பொருத்தமான சொல் அது. ஓரினமானால் எண்ணிக் கூட்டலாம். வேற்றினமானால் இரண்டையும் முதலில் ஓரினமாக்க வேண்டும்.

எப்படி ஆக்குவது என்பதற்கு அடிக்கோலை விடத் தெளிவான பாடம் இல்லை. ஓர் அடியில் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலொன்று என்பது ஓர் இனம், நாலிலொன்று வேறோர் இனம். அடிக்கோலில் பார்த்தால் முதலாவது 4 அங்குலம், இரண்டாவது 3 அங்குலம், கூடினால் 7 அங்குலம். ஓர் அங்குலம் அடியில் பன்னிரண்டில் ஒன்று என்பதால் விடை பன்னிரண்டில் ஏழு. மூன்றாலும் நான்காலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் 12. அடியை 12 ஆகப் பிரித்து வைத்தவர்கள் கையில் கொடுத்துப்போனது அந்த மீச்சிறு பொது மடங்கைத்தான். பகுதிகளைச் சமமாக்குதல் என்பது இரண்டு துண்டுகளையும் அளந்து முடிக்கக்கூடிய ஒரு சிறிய துண்டைத் தேடிப் பிடிப்பது. அந்தச் சிறு துண்டு கிடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றாம் வகுப்புக் கூட்டல்.

இதைத் தவறவிட்டவர்கள் செய்யும் பிழை உலகம் முழுவதும் ஒன்றேதான். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்றால், மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நான்கும் ஆறு, ஆகவே ஆறில் இரண்டு என்று எழுதுவது. ஆறில் இரண்டு மூன்றில் ஒன்றுதான். அது அரையை விடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்தால் அரையை விடக் குறையுமா என்று கேட்டுப் பார்த்தாலே பிழை வெளியே வந்துவிடும். 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதின்மூன்றில் பன்னிரண்டையும் எட்டில் ஏழையும் கூட்டினால் ஏறக்குறைய எவ்வளவு வரும்? கொடுக்கப்பட்ட விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஒன்றை ஒட்டியவை என்பதால் கூட்டினால் 2 வரும். சரியாகச் சொன்னவர்கள் 24 விழுக்காடு. மேலே உள்ள எண்களைக் கூட்டி 19 என்றவர்களும், கீழே உள்ளவற்றைக் கூட்டி 21 என்றவர்களும் சேர்ந்து பாதிக்கும் மேல். அந்தப் பிள்ளைகள் நான்கு தனி எண்களைப் பார்த்தார்களே தவிர, இரண்டு அளவுகளைப் பார்க்கவில்லை. டேப்பைப் பிடித்துப் பழகிய கைக்கு இந்தப் பிழை வராது. எட்டில் ஏழு என்றவுடன் அடுத்த அங்குலக் கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் விரல் போய் நின்றுவிடும்.

பட்டறைப் பின்னங்களுக்கு ஒரு சலுகை உண்டு. 2, 4, 8, 16 என்று எல்லாமே இரண்டின் மடிப்புகள். இப்படிப்பட்ட பின்னங்களில் பொது மடங்கைத் தேடவே வேண்டாம்; இருப்பதில் பெரிய பகுதி எதுவோ அதுவே எல்லாவற்றுக்கும் பொது. அரையும், எட்டில் மூன்றும், பதினாறில் ஒன்றும் வந்தால் பதினாறுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். எட்டு, ஆறு, ஒன்று. மொத்தம் பதினாறில் பதினைந்து. பட்டறைப் பேச்சில் ஏழரை நூல்.

சிறிய அலமாரி ஒன்றின் உயரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அடிப்பலகை 6 நூல். அதன் மேல் இடைவெளி 11 அங்குலம் 5 நூல். நடுத்தட்டு 6 நூல். மேல் இடைவெளி 9 அங்குலம் 7 நூல். மேல்பலகை 6 நூல். நூல்களைத் தனியே கூட்டினால் 30. எட்டெட்டாகப் பிரித்தால் 3 அங்குலம் 6 நூல். அங்குலங்கள் 20. ஆக 23 அங்குலம் 6 நூல், அதாவது இருபத்து மூன்றே முக்கால். கலப்புப் பின்னங்களைக் கூட்டும்போது முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் கூட்டி, தகா பின்னமாக வந்ததை முழு எண்ணாக மாற்றிச் சேர் என்று பாடநூல் சொல்வதும் இதையேதான்.

பாடநூல் சொல்லாத ஒன்று இதில் உண்டு. கடையில் ‘முக்கால் இஞ்சு’ என்று கேட்டு வாங்கும் பிளைவுட் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். உண்மையான முக்கால் அங்குலம் 19.05. ஒரு பலகையில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணில் படாது. மேலே சொன்ன அலமாரியில் மூன்று பலகைகள். மூன்று பதினெட்டு 54. மூன்று முக்கால் அங்குலம் 57.15. குறைவது 3.15 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு நூல். கணக்கு சரி, மரம் ஒரு நூல் குறைவு. பின்னங்களைக் கூட்டும்போது ஒவ்வொன்றிலும் உள்ள சிறு பிசகும் சேர்ந்து கூடும் என்பதை இதைப்போல் உறைக்கச் சொல்லும் உதாரணம் வேறில்லை. அனுபவமுள்ள ஆசாரி பலகையின் பெயரை நம்பிக் கூட்டுவதில்லை. மூன்று பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கை அளந்துகொள்கிறார்.

நூல் கணக்கு இவ்வளவு இயல்பாக வாயில் வருவதற்குத் தமிழின் பின்னப் பெயர்கள் பெரிய காரணம். கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களுக்கு இந்த மொழியில் தனிப் பெயர்கள் இருக்கின்றன. முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பழைய கணக்கர்கள் வழங்கினார்கள். இந்தப் பெயர்களை அடுக்கும் விதத்திலேயே கூட்டலும் பெருக்கலும் அடங்கியிருக்கின்றன. ‘அரைக்கால்’ என்றால் காலில் அரை. அது பெருக்கல், எட்டில் ஒன்று. ‘ஒன்றே கால்’ என்றால் ஒன்றும் காலும், அது கூட்டல். நடுவில் வரும் ஏகாரமே கூட்டல் குறி. ‘காலே அரைக்கால்’ என்றால் காலோடு அரைக்காலைக் கூட்டு. எட்டில் மூன்று, பட்டறையில் மூன்று நூல். ‘அரையே அரைக்கால்’ ஐந்து நூல். ‘முக்காலே அரைக்கால்’ ஏழு நூல். ஏகாரம் இல்லாமலும் கூட்டல் வருவதுண்டு: ஒன்றரை என்பது ஒன்றும் அரையும். இலக்கணத்தில் அது உம்மைத்தொகை.

அந்த உம்மைத்தொகைகளில் மிக அழகானது மாகாணி. மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதோடு எண்பதில் ஒன்றைச் சேர்த்தால் எண்பதில் ஐந்து. சுருக்கினால் பதினாறில் ஒன்று. வேற்றினப் பின்னக் கூட்டல் ஒன்று முழுதாக ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வீசம் என்பதும் இதே பதினாறில் ஒன்றுதான். டேப்பின் அரை நூல் கோட்டுக்குப் பழந்தமிழ்க் கணக்கர் வைத்த பெயர் மாகாணி. ‘முக்காலே மூணு வீசம்’ என்று பேச்சில் சொல்கிறோமே, அதுவும் ஒரு கூட்டல். முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு, மூன்று வீசம் பதினாறில் மூன்று. மொத்தம் பதினாறில் பதினைந்து. கிட்டத்தட்ட முழுவதும் என்ற பொருள் அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் அடியில் இருப்பது முந்திரி, 320இல் ஒன்று. இரண்டு முந்திரி அரைக்காணி, நாலு முந்திரி காணி, 16 முந்திரி மா, 20 முந்திரி மாகாணி, 40 அரைக்கால், 80 கால், 160 அரை. 320 என்பது இரண்டை ஆறு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கிய எண். ஆகவே 2, 4, 8, 16, 32, 64 என்ற வரிசையும் 5, 10, 20, 40, 80, 160 என்ற வரிசையும் அதற்குள் மீதியில்லாமல் அடங்கும். எந்தக் கணக்குப்பிள்ளையும் பொதுப் பகுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முந்திரி என்ற ஒரே பொதுப் பகுதி எப்போதும் தயாராக இருந்தது. நாலுமாவும் மும்மாகாணியும் கூட்ட வேண்டுமா? நாலுமா 64 முந்திரி, மும்மாகாணி 60 முந்திரி, மொத்தம் 124. அதில் கால் 80, அரைக்கால் 40, காணி 4. விடை காலே அரைக்காலே காணி. இன்றைய முறையில் ஐந்தில் ஒன்றையும் பதினாறில் மூன்றையும் கூட்டினால் எண்பதில் முப்பத்தொன்று. அதுவும் இதுவும் ஒன்றே. அரையிலிருந்து மும்மா கழிக்க வேண்டுமா? 160இல் 48 போனால் 112. அது காலும் இருமாவும்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தபோது முந்திரியிலிருந்துதான் ஏறினார்கள். முந்திரியோடு முந்திரி சேர்ந்தால் என்ன, அரைக்காணியோடு அரைக்காணி சேர்ந்தால் என்ன என்று படிப்படியாகச் சொல்லி ஒன்றுவரை வர வேண்டும். காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ போன்ற நூல்கள் அதற்கு மேல்படிப்பு. மனப்பாடம் என்றால் மூடத்தனம் என்று நினைப்பவர்கள் இந்தச் சுவடியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வாய்பாடு என்று ஒப்பித்தது பெருக்கலை மட்டுமல்ல. பின்னக் கூட்டலும் அதில் ஒரு வாய்பாடு. ஒரு பின்னமும் இன்னொரு பின்னமும் சேர்ந்தால் எந்தப் பெயர் பிறக்கும் என்பது காதில் பதிந்திருந்தது. இந்தக் கீழ்வாய் இலக்கங்களுக்குத் தனி எழுத்துகளும் உண்டு. 2019இல் வெளியான யூனிகோடு 12.0 பதிப்பில் அவை கணினிக்குள்ளும் வந்துவிட்டன.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. 320ஐ மூன்றால் வகுத்தால் 106 போக 2 மிஞ்சும். மூன்றில் ஒன்றை முந்திரியில் சரியாகச் சொல்ல முடியாது. பழைய ரூபாயில் அது முடிந்தது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. ஒரு ரூபாயை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 பை, மீதி இல்லை. ஆனால் ஐவருக்குப் பிரிக்க முடியாது. புதிய 100 பைசா ஐவருக்குப் பிரியும், மூவருக்குப் பிரியாது. எந்த அலகு எந்தப் பின்னங்களைச் சிந்தாமல் ஏந்தும் என்பது அதன் வகுஎண்களைப் பொறுத்தது. எல்லாப் பின்னத்துக்கும் இடம் கொடுக்கும் அலகு ஒன்றும் கிடையாது.

கழித்தலில் பட்டறை அதிகம் தடுமாறும் இடம் கடன் வாங்குவது. 4 அடி 2 அங்குலம் 3 நூலிலிருந்து 1 அடி 7 அங்குலம் 6 நூலைக் கழிக்க வேண்டும். 3 நூலில் 6 போகாது. ஓர் அங்குலத்தை உடைத்தால் 8 நூல் வரும். 8உம் 3உம் 11, அதில் 6 போக 5. அங்குலத்தில் இப்போது 1 இருக்கிறது, 7 போகாது. ஓர் அடியை உடைத்தால் 12. 13இல் 7 போக 6. அடி 3இல் 1 போக 2. விடை 2 அடி 6 அங்குலம் 5 நூல். பள்ளிக் கழித்தலில் ஊறிய கை கடன் என்றாலே பத்து வாங்கும். நூலில் பத்து வாங்கினால் விடை இரண்டு நூல் நீளும். அங்குலத்தில் பத்து வாங்கினால் இரண்டு அங்குலம் குறைந்துபோகும். நீண்டதை இழைத்துச் சரிசெய்யலாம். குறைந்ததை ஒன்றும் செய்ய முடியாது. மரம் போனது போனதுதான். எந்தப் பெயருக்குள் எத்தனை சிறு பெயர் அடங்கும் என்பதை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்வதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

மூத்த ஆசாரிகளில் பலர் இந்தக் கடனையே தவிர்த்துவிடுகிறார்கள். மளிகைக்கடைக்காரர் சில்லறை கொடுப்பதுபோலச் சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்கு ஏறுகிறார்கள். 1 அடி 7 அங்குலம் 6 நூலோடு 2 நூல் சேர்த்தால் 1 அடி 8 அங்குலம். இன்னும் 4 அங்குலம் சேர்த்தால் 2 அடி. இன்னும் 2 அடி சேர்த்தால் 4 அடி. அதன் மேல் 2 அங்குலம் 3 நூல். சேர்த்தவற்றைக் கூட்டினால் 2 அடி 6 அங்குலம் 5 நூல். கழித்தல் முழுவதும் கூட்டலாக நடந்து முடிகிறது. மனக்கணக்குக்கு இதுவே நல்ல வழி.

கூட்டியும் கழித்தும் சொல்லும் இரண்டு மரபுகள் ஒரே பட்டறையில் சந்திக்கும்போது வேறொரு சிக்கல் வரும். தமிழ் எப்போதும் கூட்டியே சொல்லும்: மூன்றே முக்கால். இந்தி அதையே நான்கிலிருந்து கால் கழித்து ‘பௌனே சார்’ என்று சொல்லும். இன்று தமிழ்நாட்டின் பல பட்டறைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டுச் சமையலறை வேலையில் இழுப்பறை முகப்புகளுக்கு மூன்றே முக்கால் அங்குலம் என்பதை ‘பௌனே சார்’ என்று ஒருவர் சொல்ல, ‘பௌனே’ என்பதை முக்கால் என்றும் ‘சார்’ என்பதை நாலு என்றும் எடுத்துக்கொண்ட இன்னொருவர் நாலே முக்காலாக எல்லாவற்றையும் அறுத்துவைத்தார். நல்லவேளையாக அளவு கூடியிருந்ததால் மரம் தப்பியது. இதே இந்தியில் எட்டிலொன்று அங்குலத்துக்குப் பெயர் ‘சூத்’. அதன் பொருளும் நூல்தான். கழித்துச் சொல்கிறவரும் கூட்டிச் சொல்கிறவரும் நூல் கணக்குக்கு வந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: தீன் இஞ்ச் சே சூத், மூணு இஞ்சு ஆறு நூல்.

எதைக் கழிக்க வேண்டும் என்று தெரியாமல் கழிப்பதும் பெரிய பிழை. இரட்டைக் கதவு ஒன்றின் நிலைக்குள் அகலம் 47 அங்குலம் 3 நூல் என்று கொள்வோம். இரண்டு கதவுகளும் விளிம்போடு விளிம்பு சேர்வதாகவும், ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு நூல் விடுவதாகவும் வைத்துக்கொள்வோம். புதியவர்கள் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நூல் கழிப்பார்கள். நடுவில் கதவும் கதவும் சேரும் இடத்துக்கும் ஒரு நூல் வேண்டும். கழிக்க வேண்டியது மூன்று நூல். மீதி 47 அங்குலம். ஒரு கதவு இருபத்து மூன்றரை. இரண்டே நூல் கழித்தால் ஒரு கதவு 23 அங்குலம் நாலரை நூல் வரும். வெயில் காலத்தில் அது மூடித் திறக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊறியதும் நடுவில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ரம்பம் தின்னும் மரமும் இப்படி மறக்கப்படும் ஒரு பின்னம். எட்டடிப் பலகையை நான்கு சம துண்டாக்கினால் துண்டுக்கு 24 அங்குலம் என்று காகிதம் சொல்லும். நான்கு துண்டுக்கு மூன்று வெட்டு. வெட்டுக்கு ஒரு நூல் என்றால் மூன்று நூல் தூளாகப் போய்விடும். முதல் மூன்று துண்டுகளை 24 அங்குலமாக அறுத்தால் கடைசித் துண்டு 23 அங்குலம் 5 நூல்தான் இருக்கும். நான்கும் சமமாக வேண்டுமென்றால் முதலில் மூன்று நூலைக் கழித்துவிட்டு 95 அங்குலம் 5 நூலை நான்காகப் பங்கிட வேண்டும்: துண்டுக்கு 23 அங்குலம் ஏழே கால் நூல்.

டேப்புக்கு வெளியே வந்தால் இரண்டின் மடிப்புகள் என்ற சலுகை போய்விடும். மூன்று பேர் சேர்ந்து எடுத்த ஒப்பந்தத்தில் ஒருவருக்கு மூன்றில் ஒன்று, இன்னொருவருக்கு நான்கில் ஒன்று என்று பேசினால், மூன்றாமவருக்கு எவ்வளவு என்பது பன்னிரண்டில்தான் தெளியும்: நான்கும் மூன்றும் ஏழு, மீதி பன்னிரண்டில் ஐந்து. 12,000 ரூபாய் வேலையில் 4,000, 3,000, 5,000. பகுதிகளுக்குப் பொது வகுஎண் இல்லாதபோது இரண்டையும் பெருக்கினாலே மீச்சிறு பொது மடங்கு கிடைத்துவிடும். பொது வகுஎண் இருந்தால் பெருக்கல் வேலையைக் கூட்டும். பன்னிரண்டில் ஐந்தையும் பதினெட்டில் ஏழையும் கூட்டும்போது பெருக்கினால் பகுதி 216; தொகுதிகள் 90, 84; மொத்தம் 216இல் 174; அதை ஆறால் சுருக்கினால் முப்பத்தாறில் இருபத்தொன்பது. முதலிலேயே 36ஐப் பிடித்திருந்தால் 15உம் 14உம் 29 என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். பகுதிகளைப் பெருக்காமல் மீச்சிறு பொது மடங்குக்குப் போகும் இந்தச் சுருக்க வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ‘கணிதசாரசங்கிரகம்’ எழுதிய மகாவீரர் சொல்லியிருக்கிறார். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர் அவர்.

வகுப்பறையில் பலருக்குப் பிடித்த குறுக்குப் பெருக்கல் முறை சரியான விடையைத்தான் தரும். ஆனால் ஏன் பெருக்குகிறோம் என்று தெரியாமல் அதைப் பழகிய பிள்ளை, மூன்று பின்னங்கள் ஒன்றாக வந்தால் நின்றுவிடும். ஒரு துண்டை இன்னும் சிறு துண்டுகளாக மாற்றிப் பெயரிடுகிறோம் என்று புரிந்துகொண்ட பிள்ளை எத்தனை பின்னம் வந்தாலும் நிற்காது. ஆகவே படம் முதலில், அலகு அடுத்து, சூத்திரம் கடைசியில் என்ற வரிசையே சரி.

அளவுக்கோலில் இல்லாத பின்னத்தைப் பட்டறை எப்படிச் சமாளிக்கிறது என்பது இன்னும் ஒன்று. 10 அங்குலம் 3 நூல் அகலமுள்ள பலகையை மூன்று சமபாகமாகக் கோடிட வேண்டும். வகுத்தால் மூன்று அங்குலமும் அதன்மேல் மூன்றே முக்கால் நூலுக்குச் சற்றுக் குறைவும் வரும். அதை டேப்பில் தேடிப் பயனில்லை. டேப்பை நேராக வைக்காமல், பூஜ்யம் ஒரு விளிம்பிலும் 12 அங்குலம் எதிர் விளிம்பிலும் விழும்படி சாய்த்து வைத்து, நான்காம் அங்குலத்திலும் எட்டாம் அங்குலத்திலும் புள்ளி வைத்தால் போதும். அந்தப் புள்ளிகள் வழியே விளிம்புக்கு இணையாகக் கோடு இழுத்தால் பலகை மூன்று சமபாகம். மூன்றால் வகுபடாத அகலத்தை, மூன்றால் வகுபடும் பன்னிரண்டாக மாற்றிக்கொண்ட வேலை அது. பொதுப் பகுதி தேடுவதும் இதே யோசனைதான்.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தும் ஆசிரியர்கள் முதல் நாளில் கரும்பலகைக்குப் போகும் முன் நாலு பிள்ளைகளுக்கு ஒரு டேப் என்று கையில் கொடுத்து, மேசையின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்திலும் நூலிலும் அளக்கச் சொல்லி, இரண்டையும் கூட்டவும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவும் சொல்ல வேண்டும். கூட்டிய நீளத்துக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, மேசையை அதன் மேல் முதலில் நீளவாக்கிலும் அதையடுத்து அகலவாக்கிலும் வைத்துப் பார்த்தால், விடை சரியா தவறா என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.